வர்த்தகமித்திரனிலிருந்து தேசபக்தனுக்கு: மலையகமும் முதலீட்டு இதழியலும்

மலையகத் தமிழ் இதழியலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1920களிலிருந்தே தொடங்குவர். கோதண்டராம நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளை நடத்திய காலம் அது. தோட்டத் தொழிலாளரின் வாழ்வு அரசியற் பொருளாக அச்சில் ஏறிய காலம் என்ற வகையில் அத்தொடக்கம் பொருத்தமானதே. எனினும் மலையகத்தைப் பற்றிய பத்திரிகை எழுத்து அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே செழித்திருந்தது. தோட்டத்தில் உழைத்தோருக்காகவன்றி, தோட்டத்தில் பணமிட்டோருக்காக எழுதப்பட்ட எழுத்து அது. ஏக்கருக்கு எத்தனை இறாத்தல், இறாத்தலுக்கு என்ன செலவு, நூற்றுக்கு எவ்வளவு பங்கிலாபம் என்னும் மூன்று வினாக்களுக்கும் அது கிரமமாக விடை கூறி வந்தது.

இவ்விரு எழுத்து மரபுகளையும் தனித்தனியே வைத்து நோக்குவது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒரு செய்தி நடேசய்யரின் வாழ்க்கையிலேயே உள்ளது. தொழிலாளர் பத்திரிகைக்கு வருமுன் அவர் ஒரு வணிகப் பத்திரிகையின் ஆசிரியர். தஞ்சாவூரிலிருந்து அவர் வெளியிட்ட ஏட்டின் பெயர் 'வர்த்தகமித்திரன்'. அவ்வேட்டின் பொருட்டே அவர் முதன்முதலில் இலங்கைக்கு வந்தார். வாழ்க்கைக் குறிப்புகளில் இச்செய்தி ஒரு வரியிற் கடந்து செல்லப்படுவதுண்டு. அந்த ஒரு வரியில் சற்றுத் தரித்து நிற்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

முதலில், தோட்டத்துக்குப் பத்திரிகை ஏன் வேண்டியதாயிற்று என்பதை நோக்குவோம். கோப்பிக் காலத்தில் தோட்ட உடைமையாளர் பலர் தோட்டத்திலேயே வாழ்ந்தனர். தம் கண்ணாற் கண்டே இலாப நட்டத்தை அறிந்தனர். 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கண்டறியப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்தாண்டுகளில் கோப்பியை அழித்தது. தோட்டங்களின் மீது பெருங்கடன் கொடுத்திருந்த ஒறியன்ரல் வங்கி 1884இல் கதவடைத்தது. இச்சிதைவின் மேல் எழுந்ததே தேயிலை. கோப்பியைப் போலன்றித் தேயிலைக்குத் தோட்டத்திலேயே தொழிற்சாலை வேண்டும். உருட்டும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். தனியொருவரின் கைப்பணம் அதற்குப் போதாது. ஆகவே தனித்துரைமாரின் தோட்டங்கள் படிப்படியாகக் கம்பனிகளின் கைக்கு மாறின. 1886இல் இலண்டனிற் தோன்றிய சிலோன் ரீ பிளான்ரேசன்ஸ் கம்பனி இவ்வகையில் முன்னோடி. இலண்டனிற் பதிவானவை ஸ்ரேளிங் கம்பனிகள் எனவும், கொழும்பிற் பதிவானவை ரூபாக் கம்பனிகள் எனவும் வழங்கப்பட்டன. 1883 யூலை 30இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1896இல் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தையின் வேர் அதுவே. அச்சந்தை தேயிலைக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி விற்பதற்கென்றே பிறந்தது என்பதை இங்கு வற்புறுத்திக் கூறல் வேண்டும்.

இவ்வளர்ச்சியின் வேகத்தைச் சில எண்கள் காட்டும். இலங்கையிலிருந்து 1873இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட தேயிலை 23 இறாத்தல். 1880இன் உற்பத்தி ஏறத்தாழ 81 தொன். 1890இல் அது 22,900 தொன் வரை உயர்ந்தது. பதினேழே ஆண்டுகள்! இதற்கு வேண்டிய மூலதனத்தின் பெரும் பகுதியை அளித்தோர் பிரித்தானியாவின் நடுத்தர வர்க்கத்தினர். ஓய்வுபெற்ற படை அதிகாரியும் பாதிரியாரும் கைம்பெண்ணும் இவர்களுள் அடங்குவர். அற்றனையும் டிக்கோயாவையும் இவர்கள் கனவிலும் கண்டதில்லை. காணாத நிலத்தில் பணமிட்டவனுக்குக் கண்ணாக அமைவது அச்சுத்தாள் ஒன்றுதான்.

இலண்டனில் அக்கண் முன்னரே திறந்திருந்தது. 1860இல் தோன்றிய 'மணி மார்க்கெற் றிவியூ' என்னும் வார ஏடு, பிற்காலத்தில் 'இன்வெஸ்ரேர்ஸ் குரொனிக்கிள்' என்ற பெயரோடு இணைந்து இன்றுவரை தொடரும் முதலீட்டு வார இதழ் மரபுக்கு மூலமாகியது. கல்கத்தாவில் 1888இல் 'கப்பிற்றல்' என்னும் வார ஏடு தொடங்கியது. சணலும் நிலக்கரியும் அசாம் தேயிலையும் அதன் விடயங்கள். இலங்கையில் இப்பணியைப் பெரிதும் மேற்கொண்டது பெர்குசன் அச்சுக்கூடம். 1834இல் தோன்றிய 'ஒப்சேவர்' பத்திரிகையை 1859இல் ஏ. எம். பெர்குசன் தம் உடைமையாக்கிக்கொண்டார். அவரும் அவருடைய உறவினர் ஜோன் பெர்குசனும் அப்பத்திரிகையோடு ஆண்டுதோறும் ஒரு விவரக்கொத்தையும், 1881 முதல் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ற்' என்னும் மாத இதழையும் வெளியிட்டனர்.

இவற்றை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. கோப்பியின் வீழ்ச்சி, சிங்கோனாவின் குறுகிய வாழ்வு, தேயிலையின் எழுச்சி ஆகியவற்றை அறிய விரும்பும் எவரும் பெர்குசன் வெளியீடுகளைத் தவிர்த்துச் செல்லவியலாது. பயிர்நோயும் மண்வளமும் அங்கு நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் அவ்விவரக்கொத்தின் தோட்டப் பட்டியலைப் பார்க்கும் மலையக மாணவனுக்கு ஒன்று உறுத்தும். தோட்டத்தின் பெயர், மாவட்டம், ஏக்கர் அளவு, உடைமையாளர், முகவர், துரை என எல்லாவற்றுக்கும் நிரல் உண்டு. அத்தோட்டத்தில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான மனிதருக்கு நிரல் இல்லை. தொழிலாளர் அங்கு இடம்பெறும்போது செலவினமாகவே இடம்பெறுகின்றனர். மழை போதுமா என்பது போலவே ஆட்கள் போதுமா என்பதும் ஒரு வினா.

இதே குடும்பத்தார் தமிழிலும் ஈடுபாடு காட்டினர் என்பது சுவையான செய்தி. புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்கென 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் இளையவர் ஒரு கைநூல் ஆக்கினார். அதன் பெயரே 'இங்கே வா' என்பதாகும். ஏவல் வினைமுற்று ஒன்று நூலின் தலைப்பாக அமைந்த விந்தை வேறெந்த மொழிப் பாடநூலுக்கும் வாய்த்திருக்குமோ, அறியேன்! முதலீட்டாளரின் ஆங்கிலம் எண்களாற் பேசியது. அவர்தம் தமிழ் கட்டளையாற் பேசியது. தமிழரிடமிருந்தே எழுந்த முதற் குரலும் பெரிதும் இதற்கு இசைந்ததே. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி', கோப்பித் தோட்டம் திறந்து நடத்தும் முறையைக் கும்மி வடிவிற் கூறுவது. மலையக இலக்கியத்தின் முதல் நூல்களுள் ஒன்றாக அதனைப் போற்றுகிறோம். உள்ளடக்கத்தால் அது தோட்டத் தொழில்முறைக் கைநூல் என்பதையும் உடன் நினைவிற் கொள்ளல் தகும்.

பங்குப் பத்திரங்கள் கொழும்பில் கைமாறிய அதே காலத்தில் மலைகளில் மற்றொரு பத்திரமும் கைமாறிக்கொண்டிருந்தது. அதுவே 'துண்டு'. பெரிய கங்காணி தோட்டத்திடம் முற்பணம் பெற்றுத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார். அம்முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கடனாகப் பதியப்பட்டன. கங்காணியோ தொழிலாளியோ வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்துவோரிடம் இவ்வாட்களை விடுவிக்க உடன்படுகிறேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்கும். செலுத்திய தொகை தொழிலாளியின் கணக்கிலேயே மீண்டும் ஏறும். ஆள் பற்றாக்குறை மிகுந்த காலங்களில் தோட்டங்கள் ஒன்றையொன்று விஞ்சித் தொகை கொடுத்தன. ஆகவே கைமாறும்தோறும் கடன் வளர்ந்தது. அதன் பெரும்பயன் கங்காணிக்கே சென்றது. பங்குக்கு உரியவன் தன் பங்கை விற்கலாம். துண்டிலோ விற்பனைப் பொருளே மனிதன். 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் இம்முறையை ஒழித்தது. தேயிலைப் பொருளாதாரத்தின் கடன்பத்திரச் சந்தை என்று இதனைக் கருதாமல், சமூகக் கொடுமை என்ற அளவில் மட்டும் எழுதிச் செல்வது வரலாற்றைக் குறைத்துக் காண்பதாகும். இலண்டனில் வழங்கப்பட்ட பங்கிலாபத்தின் மறுபக்கம் இச்சீட்டிலேதான் எழுதப்பட்டிருந்தது.

இச்சூழலிலேதான் 'வர்த்தகமித்திரன்' ஆசிரியரின் வருகையை வைத்துப் பார்க்க வேண்டும். 1887இற் பிறந்த நடேசய்யர் வணிகத் துறையிற் பயிற்சி பெற்றவர். காப்புறுதி, கணக்கு, எண்ணெய் இயந்திரம் முதலிய பொருள்கள் பற்றித் தமிழிற் கைநூல்கள் எழுதியவர். அக்காலத்தில் தமிழ் வணிகர் கணக்கு எழுதுவதிற் சளைத்தவரல்லர். ஆனால் நவீன வணிகத்தின் சொற்களும் முறைகளும் ஆங்கிலத்திலேயே முடங்கிக் கிடந்தன. அவற்றைத் தமிழறிந்த கடைக்காரருக்கும் சிறு முதலாளிக்கும் கொண்டு சேர்ப்பது அவருடைய முயற்சியாக இருந்தது. கொழும்பின் இந்திய வணிகரிடையே இத்தகைய ஏட்டுக்கு வாசகர் உண்டு. 1915ஆம் ஆண்டளவில் அவ்வணிகரைச் சந்திக்கவும் சந்தா சேர்க்கவும் அவர் இலங்கைக்கு வந்தார்.

வந்தவர் மலையகத்தைக் காண விரும்பினார். ஆனால் தோட்டங்களுக்குள் வெளியார் எளிதிற் புக முடியாது. அத்துமீறல் பற்றிய சட்டம் தோட்ட நிருவாகத்தின் கையிற் காவல்நாயாக நின்றது. புடவை வியாபாரிகளுக்கு மட்டும் வாயில் திறந்திருந்ததால், நடேசய்யர் புடவை மூட்டையுடன் லயங்களுக்குச் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பது அவருடைய வரலாற்றை எழுதியோர் பலரும் கூறும் செய்தி. சாரல்நாடன் 1988இல் வெளியிட்ட 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூல் அவரை மறதியிலிருந்து மீட்டது. அந்நூலுக்குப் பின் இந்தப் புடவை மூட்டை மலையகத்தின் ஒரு தொன்மம் போலவே ஆகிவிட்டது. எமது கவனத்தைக் கவர்வது வேறொன்று. வேடமாகக் கொள்ளினும் அவர் கொண்டது வணிகனின் வேடம்! விலை கேட்பதும், கடன் விசாரிப்பதும், சம்பள நாள் எப்போது என்று அறிவதும் புடவை வியாபாரிக்கு இயல்பு. ஒரு தோட்டத்தின் பொருளாதாரத்தை வெளியாள் ஒருவன் அறிய அதைவிடச் சிறந்த வழியில்லை.

இலங்கையிலேயே தங்கிய நடேசய்யர், டாக்டர் ஈ. வி. இரத்தினத்துடன் சேர்ந்து 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் 'சிற்றிசன்' என்னும் ஆங்கில ஏட்டையும், 1924இல் 'தேசபக்த'னையும் நடத்தினார். 1925இல் இந்தியர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குச் சென்றார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உப தலைவராக இருந்து, இந்தியத் தொழிலாளர் குறித்த கருத்து வேறுபாட்டால் 1928இல் பிரிந்தார். தோட்டத்துரைமாரின் சங்கமும் காவற்றுறையும் அவரை ஓயாது கண்காணித்தன. இவை பலராலும் எழுதப்பட்டவை, விரிக்க வேண்டியதில்லை.

விரிக்க வேண்டியது அவருடைய வாதமுறை. தொழிலாளருக்காக அக்காலத்திற் பேசிய பிறர் பலர் இரக்கத்தை வேண்டினர். சென்னையிலும் கொழும்பிலும் எழுந்த மனிதாபிமானக் குரல்கள் பட்டினியையும் பிரம்படியையும் சொல்லிக் கண்ணீரை வரவழைத்தன. நடேசய்யரும் அவற்றைச் சொல்லாமலில்லை. ஆனால் அவர் மீண்டும் மீண்டும் நின்ற களம் கணக்கு: பெயர்ப் பதிவில் விடுபட்ட நாள், அரைப் பெயராகக் குறைக்கப்பட்ட முழுநாள் வேலை, அரிசிக்குப் பிடித்த தொகை, கங்காணிக்குச் சென்ற தலைக்காசு. பிற்காலத்தில் அவர் தொழிலாளருக்காகச் சட்ட விளக்க நூல் எழுதியதும் இதே இயல்பின் தொடர்ச்சியே. கணக்கைத் தமிழிற் கற்பித்த வணிகப் பத்திரிகையாளர், அதே கணக்கைச் சம்பளக்காரன் பக்கம் திருப்பி எழுதினார் என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. துரைமாரை அவரிடம் அச்சுறுத்தியது ஆவேசம் மட்டுமன்று. ஆவேசக்காரரை அவர்கள் முன்பும் கண்டிருந்தனர். ஐந்தொகை படிக்கத் தெரிந்த தமிழ்க் கிளர்ச்சியாளரைக் கண்டது புதிது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை ஒட்டி நடந்த விவாதம் இதற்குத் தக்க களமாயிற்று. அச்சட்டப்படி 1929இல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நிர்ணயிக்கப்பட்டது. தொழிலாளியின் கூலி முதன்முறையாகச் சட்டத்தால் அச்சிடப்பட்ட எண்ணாயிற்று. பங்கின் விலையைப் போல் அதையும் எவரும் சுட்டிக்காட்டி வாதிடலாம் என்ற நிலை பிறந்தது. மைந்தனையும் கணவனையும்விடக் கூடுதலான நேரம் மலையில் நின்ற பெண்ணுக்கு 11 சதம் குறைவு என்பதும் அவ்வாறே அச்சில் ஏறி நிலைத்தது. அடுத்து வந்த உலகப் பெருமந்தம் தேயிலை விலையை வீழ்த்த, 1930களின் முற்பகுதியில் இச்சம்பளமும் வெட்டப்பட்டது. வெட்டுக்குக் கூறப்பட்ட நியாயம், பங்குதாரரும் நட்டமடைகின்றனர் என்பது. பங்குதாரர் பல ஆண்டு உச்ச இலாபம் பெற்றபோது சம்பளம் ஏன் உயரவில்லை என்ற எதிர்வினா அப்போதே எழுந்தது. 1931இல் அற்றனில் நடேசய்யர் தோற்றுவித்த அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் இம்மந்தத்தின் நடுவிலேதான் வேரூன்ற முயன்றது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை மேடைகளிற் பாடிய பாடல்கள், எழுத்தறியாதோரிடம் பத்திரிகையின் வேலையைச் செய்தன.

நடேசய்யரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. அவருடைய முதற் புரவலர் கொழும்பின் இந்திய வணிகர். அவர்களுள் தோட்டக்கடை வாணிபத்தோடும் வட்டித் தொழிலோடும் தொடர்புடையோரும் உண்டு. தொழிலாளியின் கடனைப் பற்றி எழுதுபவர், கடன் கொடுக்கும் வர்க்கத்தின் ஆதரவிற் சிறிது காலம் எழுதினார் என்ற முரண்பாடு மறைக்கத் தக்கதன்று. அவருடைய அமைப்புகள் பெரிதும் தனியொருவரைச் சார்ந்திருந்தன. 1936இல் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். எனினும் 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிய பின் தொழிலாளர் இயக்கத்தின் தலைமை அவர் கையை விட்டகன்றது. 1947 நவம்பர் 7இல் அவர் காலமானார்.

தமிழில் ஒரு முதலீட்டு வார ஏடு ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவும் இங்கு எழுகின்றது. இலங்கையில் தமிழ் மூலதனம் இல்லாமலில்லை. கொழும்புச் செட்டியார் தெரு ஒரு காலத்தில் இந்நாட்டு வணிகத்தின் நாடி. 1930இல் 'வீரகேசரி'யைத் தொடங்கிய பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியாரும் அம்மரபினரே. ஆனால் நகரத்தாரின் பணம் பங்குகளிலன்றிப் பெரிதும் கொடுக்கல் வாங்கலிலே நின்றது. இரங்கூனில் அவர்கள் மாதந்தோறும் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர். ஒருவரையொருவர் அறிந்தோரிடையே செய்தி வாய்மொழியாகவே செல்லும், அச்சுத்தாள் தேவையில்லை. முதலீட்டு ஏடு, ஒருவரையொருவர் அறியாதோர் கூட்டாகப் பணமிடும் சமூகத்தின் கருவி. காரைக்குடியிலிருந்து 1920இல் வெளிவந்த 'தனவைசிய ஊழியன்' பெயரளவிற் பணத்தைச் சுட்டினாலும் உள்ளடக்கத்திற் சமூகச் சீர்திருத்த ஏடாகவே விளங்கியது. இந்நூற்றாண்டிலேதான் தமிழ்நாட்டில் 'நாணயம் விகடன்' போன்ற இதழ்கள் பங்குச் சந்தையைத் தமிழ் வாசகர் வீட்டுக்குக் கொண்டுவந்தன. அவை பேசுவது மும்பைச் சந்தையை. கொழும்புச் சந்தையை அன்று.

1975ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. பங்குத் தரகர்கள் தம் சந்தையின் தாய்ப்பண்டத்தை இழந்தனர். பின்னர் 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. 1995 முதல் அவற்றின் பங்குகள் விற்கப்பட்டன. பெரும்பான்மையான 51 வீதம் முதலீட்டு நிறுவனங்களுக்குச் சென்றது. 10 வீதம் ஊழியருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டாகச் செலவினப் பக்கத்தில் எழுதப்பட்டு வந்தோர் முதன்முறையாகப் பங்குதாரர் பதிவேட்டில் ஏறினர். இதன் வரலாற்றுப் பொருளை எமது ஆய்வாளர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. பெருந்தோட்டச் சம்பளம் பற்றி எழும் ஒவ்வொரு பிணக்கிலும், 2021இல் ஆயிரம் ரூபாவைச் சம்பளச் சபை நிர்ணயித்தபோது கம்பனிகள் நீதிமன்றத்தை நாடிய பிணக்கு உட்பட, மையமாக நிற்கும் வாதம் கம்பனியின் இலாப நட்டமே. பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் ஒளித்து வைக்கப்படுவனவல்ல. முகவர் கட்டணம் எவ்வளவு, நிருவாகச் செலவு எவ்வளவு, பங்கிலாபம் வழங்கப்பட்டதா என்பன அவற்றிலேயே உள்ளன. ஆனால் அவற்றைப் படித்துத் தோட்டத்து வாசகனுக்கு விளங்கும் தமிழில் வாரந்தோறும் எழுதும் ஏடு எமக்கு வாய்க்கவில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் தொழிற்சங்கத் தலைவரின் அறிக்கையையும் கம்பனிப் பேச்சாளரின் மறுப்பையும் அடுத்தடுத்து அச்சிடுகின்றன, ஐந்தொகையை அச்சிடுவதில்லை.

இவ்விடத்தில் எமது வீட்டுச் செய்தியொன்றைக் கூறுதல் தவறாகாது. எம் பாட்டிக்கும் அப்பங்குகள் கிடைத்தன. ஆங்கிலத்தில் எழுதிய தடித்த தாளொன்று பிறப்புச் சான்றிதழ்களோடு தகரப்பெட்டியில் இருந்தது. அஃது என்னவென்று லயத்தில் எவரும் அறிந்திலர். சேமலாப நிதிக் கடிதம் என்று சிலர் எண்ணினராம். சில காலம் கழித்து வெளியூர் ஆடவர் ஒருவர் தோட்டந்தோட்டமாக வந்து, அத்தாளைக் கொடுத்தாற் கைமேல் காசு தருவதாகக் கூறினார். பாட்டியும் அயல் வீட்டாரும் கையொப்பமிட்டுக் கொடுத்தனர். கிடைத்த காசு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போதுமாயிருந்தது என்று தாயார் சொல்வார். அன்றைய ஆங்கில நாளேட்டின் வணிகப் பக்கத்திற் பங்குகளின் விலை அச்சாகியே இருந்தது. தொழிற்சாலைக் காரியாலயத்தின் மேசையில் அந்நாளேடு கிடந்ததைப் பாட்டி நாள்தோறும் கொழுந்து நிறுக்கச் சென்றபோது கண்டிருக்கிறார்.